கேத்திலில் இருக்கிற வாட் லப்டொப்பில் ஏன் இல்லை?

வருடத்தில் இரண்டு தடவை எனக்குத் தொலைபேசி அழைப்புக்கள் கூடும். ஒன்று செப்ரெம்பர், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிற நேரம். மற்றது நவம்பர் கடைசி, கறுப்பு வெள்ளி என்று கடைகள் சனத்தைக் கூப்பிடுகிற நேரம். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணை, மகனுக்கு கேமிங் லப்டொப் ஒண்டு வாங்க வேணும். 4060 நல்லதோ, 4070 நல்லதோ?"

இவ்வளவு விவரத்தை வைத்துக்கொண்டு அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. உலகத்தில் எவராலும் முடியாது. ஆனால் கடைகள் மட்டும் சொல்கின்றன, விலையும் போடுகின்றன. அந்த அநியாயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். சூடாகவும் இருக்கும். லப்டொப்பைப் பற்றி எழுதும்போது சூடு வராமல் இருக்குமா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கேம் விளையாடி என்னத்தைக் கிழிக்கப் போறாங்கள்" என்கிற கட்சியில் நான் இல்லை. நாங்கள் ஊரில் கிட்டிப்புள்ளும் பேணிப்பந்தும் விளையாடினோம். இங்கே பிள்ளைகளுக்கு வருடத்தில் பாதி இருட்டும் மழையும். சிநேகிதங்களோடு கூடி விளையாடுகிற முற்றம் அவர்களுக்குத் திரைக்குள்தான் இருக்கிறது. கட்டிடக்கலை படிக்கிற பிள்ளை முப்பரிமாணப் படம் வரைவதும், வீடியோ வெட்டுவதும் அதே இயந்திரத்தில்தான். "டெஸ்க்டொப் வாங்கினால் மலிவு, வேகமும் கூட" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் வருடத்துக்கு ஒரு அறை மாறுகிற மாணவனும், இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிற குடும்பமும் அதை எங்கே வைப்பது? ஆகவே வாங்குகிறவர்களில் நான் குறை காணவில்லை. விற்கிறவர்களோடுதான் எனக்குக் கணக்கு.

1200 பவுண் லப்டொப் என்று வைப்போம். 2025 ஏப்ரலில் ஐக்கிய இராச்சியத்தில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. 1200 ஐ அதால் பிரித்தால் 98 மணித்தியாலம். பெற்றோல் செற்றில் 12 மணித்தியால இரவு வேலை என்றால் எட்டு இரவு. அதுவும் வரி, வாடகை, சீட்டுக்காசு ஒன்றும் கழிக்காமல்.

இப்போது குசினிக்குள் போய் உங்கள் கேத்திலைத் திருப்பிப் பாருங்கள். 15 பவுண் கேத்தில். அடியில் 2200 வாட் என்றோ 3000 வாட் என்றோ அச்சடித்திருக்கும். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி கொதிக்க வைக்கிற சாமானுக்கு அந்த மரியாதை இருக்கிறது. எட்டு இரவுச் சம்பளத்தில் வாங்குகிற கேமிங் லப்டொப்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதன் கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் போகிறது என்பது பெரும்பாலான பெட்டிகளில் இல்லை. கடைத் தட்டில் தொங்குகிற விலை அட்டையில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த ஒரு இலக்கம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பெயர் ஒன்று, சாப்பாடு வேறு

லப்டொப்பில் வருகிற ஆர்டிஎக்ஸ் 4060 ஐ எடுங்கள். என்விடியா நிறுவனமே தன் பட்டியலில் இந்தச் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை என்று போட்டிருக்கிறது. எந்த லப்டொப்பில் எவ்வளவு கொடுப்பது என்பதை லப்டொப் செய்கிற கொம்பனி தீர்மானிக்கும். மெல்லிய, அழகான, விசிறி சின்னதாக உள்ள லப்டொப் என்றால் குறைவாகக் கொடுப்பார்கள். தடித்த, பாரமான லப்டொப் என்றால் கூடக் கொடுப்பார்கள். இரண்டின் மேலும் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கர் ஒன்றுதான். 4070 லப்டொப் சிப்புக்கும் அதே 35 முதல் 115 வரைதான்.

மூன்று மடங்கு வாட் கொடுத்தால் மூன்று மடங்கு வேகம் வரும் என்று நான் சொல்லவில்லை. மேலே போகப் போக வாட்டுக்குக் கிடைக்கிற வேகம் குறையும். ஆனால் கீழே, 35 - 60 வாட் பக்கம், ஒவ்வொரு வாட்டும் வேகமாகத் தெரியும். நல்லாச் சாப்பாடு போட்டு வளர்த்த 4060, பட்டினி போட்ட 4070 ஐ முந்திப் போகும். அப்போது 4070 என்கிற பெயருக்காகக் கூடக் கொடுத்த காசு எங்கே போனது?

எங்கள் ஊரில் தோட்டக்காரன் தண்ணி இறைக்கிற மெசின் வாங்கப் போனால் என்ன கேட்பான்? மெசினின் நிறத்தையா கேட்பான்? இரண்டு இஞ்சிக் குழாயோ மூன்று இஞ்சிக் குழாயோ, எத்தனை குதிரை வலு என்று கேட்பான். அந்தத் தோட்டக்காரனின் பேரன்தான் இங்கே லண்டனில் கீபோட்டில் எத்தனை நிறம் மின்னுகிறது என்று பார்த்து லப்டொப் வாங்குகிறான். பேரனில் பிழை இல்லை. அவன் பார்க்க வேண்டிய இலக்கத்தை அவன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் சில இடங்களில் 140 வாட் என்று போட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 115 ஓடு 25 ஐக் கூட்டிய கணக்கு அது. புரொசசர் சும்மா இருக்கிற நேரத்தில் அதன் பங்கிலிருந்து கிராபிக்ஸ் சிப் கடன் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. புரொசசருக்கும் வேலை வந்தால் கடன் திரும்பப் போய்விடும்.

எம் என்கிற எழுத்து எங்கே போனது?

இந்தக் குளறுபடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2016 க்கு முதல் லப்டொப் சிப்புக்களின் பெயருக்குப் பின்னால் எம் என்று ஒரு எழுத்து வரும். 970எம், 980எம் என்று. டெஸ்க்டொப்பில் வருவது வேறு, இது வேறு என்று வாங்குகிறவனுக்கு விளங்கும். 2016 இல் 10 வரிசை வந்தபோது அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள். நியாயமாகச் சொன்னால், அப்போது அதில் ஒரு உண்மை இருந்தது. அந்த வரிசை லப்டொப் சிப்புக்கள் டெஸ்க்டொப்பை ஏறத்தாழ எட்டிப் பிடித்திருந்தன. லப்டொப் ஜிடிஎக்ஸ் 1070 இல் 2048 கோர்கள், டெஸ்க்டொப் 1070 இல் 1920. லப்டொப்பில்தான் கூட!

பிறகு என்ன நடந்தது? 2017 இல் மக்ஸ்-கியூ என்று குறைந்த வாட் வகை வந்தது. குறைந்தபட்சம் பெயரில் ஒரு அடையாளமாவது இருந்தது. 2021 இல் 30 வரிசை லப்டொப்புக்கள் வந்தபோது அந்த அடையாளத்தையும் பெயரிலிருந்து கழற்றிவிட்டார்கள். எழுதுகிறவர்கள், சோதிக்கிறவர்கள் எல்லாம் சத்தம் போட்ட பிறகு, விற்பனைப் பக்கங்களில் வாட்டைப் போடவேண்டும் என்று லப்டொப் கொம்பனிகளுக்கு என்விடியா சொன்னது. இணையத்தில் கொம்பனியின் பக்கத்தைத் தோண்டினால் இன்றைக்குப் பலவற்றில் அந்த இலக்கம் கிடைக்கும். ஆனால் தோண்டுகிற பழக்கம் உள்ளவனுக்குத்தான் கிடைக்கும். கடைக்குப் போய்க் கையில் காசு கொடுத்து வாங்குகிற அம்மாவுக்குக் கிடைக்காது.

இதற்கிடையில் டெஸ்க்டொப்புக்கும் லப்டொப்புக்கும் இடையில் இருந்த தூரம் கடலாகிவிட்டது. டெஸ்க்டொப் 4090 இல் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம், 450 வாட். லப்டொப் 4090 இல் 9,728 கோர்கள், 16 ஜிபி, அதிகபட்சம் 150 வாட். உள்ளே இருக்கிற சிலிக்கனே வேறு. டெஸ்க்டொப் 4080 இல் உள்ள சிப்பைத்தான் லப்டொப்பில் 4090 என்று விற்றார்கள். 2025 இல் வந்த 5090 இன்னும் மோசம். டெஸ்க்டொப்பில் 21,760 கோர்கள், 575 வாட். லப்டொப்பில் 10,496 கோர்கள், 150 வாட். பாதிகூட இல்லை. பெயர் மட்டும் முழுசு.

"மெல்லிய பெட்டிக்குள் 575 வாட்டை அடைக்க முடியுமா? இயற்பியல் விதி அது" என்று அவர்கள் தரப்பில் சொல்வார்கள். சரி, முடியாது. இயற்பியலோடு எனக்குச் சண்டை இல்லை. பெயர் வைத்தது இயற்பியல் இல்லையே! விற்பனைப் பிரிவுதானே வைத்தது?

இன்னொரு வித்தையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டொலர் 5070 ஐக் காட்டி, இது 4090 இன் செயல்திறன் என்றார். அது எப்படி? கேம் உண்மையாக வரைகிற ஒரு படத்துக்கு அடுத்து மூன்று படங்களைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்துச் செருகுகிறது. எண்ணிக்கை நான்கு மடங்கு காட்டும், பார்வைக்கு வழுவழுப்பாகவும் இருக்கும். ஆனால் நீங்கள் பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் சுடுவதற்கும் இடையில் உள்ள நேரம் அதால் குறையாது. இன்னும் கொஞ்சம் கூடும். ஏற்கெனவே நல்ல வேகத்தில் ஓடுகிற கேமுக்கு அது மேலதிக அலங்காரம். மூச்சு வாங்குகிற லப்டொப்புக்கு அது மருந்து ஆகாது.

வாங்கியாயிற்று. இனி என்ன செய்யலாம்?

இங்கேதான் அடுத்த கொள்ளை தொடங்குகிறது. லப்டொப் திணறத் தொடங்கியதும் ஆயிரம் பேர் வருவார்கள். கேமை வேகமாக்குகிற மென்பொருள், ரேமைத் துப்பரவாக்குகிற மென்பொருள், நீல வெளிச்சம் அடிக்கிற குளிர்த்தட்டு, கடைசியாகப் புது லப்டொப். இந்த மென்பொருட்களில் பெரும்பாலானவை பின்னணியில் ஓடித் தாங்களே வளத்தைத் தின்பவை. ரேம் நிறைந்திருப்பது நோயும் இல்லை. வெறுமனே கிடக்கிற ரேமை விண்டோஸ் வேண்டுமென்றுதான் பயன்படுத்துகிறது, கேம் கேட்டால் விட்டுக்கொடுக்கும்.

உண்மையில் செய்யவேண்டியவற்றில் முக்கால்வாசிக்குக் காசே தேவையில்லை. செலவில்லாததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெட்டியோடு வந்த சார்ஜரைக் குத்துங்கள். பற்றியில் ஓடும்போது எந்தக் கேமிங் லப்டொப்பும் பாதி லப்டொப்தான். அந்தளவு மின்சாரத்தைப் பற்றியால் கொடுக்க முடியாது என்பதால் சிப் தானாகவே தன்னைக் கட்டுப்படுத்தும். யுஎஸ்பி-சி சார்ஜரில் ஓடுகிறதே என்று அதை வைத்து விளையாட வேண்டாம். அவற்றில் பரவலாக உள்ளவை 100 வாட்டோ அதற்குக் குறைவோதான். கிராபிக்ஸ் சிப் மட்டுமே அவ்வளவையும் கேட்கும், புரொசசர் எங்கே போகும்? எந்த நேரமும் சார்ஜரில் கிடக்கிற லப்டொப் என்றால், கொம்பனியின் மென்பொருளில் பற்றியை 80 வீதத்தோடு நிறுத்துகிற வசதி இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். முழுதாக நிரம்பிய பற்றி சூட்டில் கிடந்தால் கெதியாகக் கிழடாகும், சிலவேளை வீங்கும்.

2. வாட்டைத் திறக்கிற பூட்டு கொம்பனியின் சொந்த மென்பொருளில்தான் இருக்கிறது. அமைதி, சமநிலை, செயல்திறன் என்று மூன்று நான்கு நிலை இருக்கும். விண்டோஸின் மின்சார அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு "எல்லாம் கூட்டித்தான் வைச்சிருக்கிறன்" என்று பொடியன் சொல்வான். அமைதி நிலையில் சிப்புக்குப் போவது பாதி வாட்டாகக்கூட இருக்கலாம். விசிறிச் சத்தம் கூடும், காதுக்கு ஹெட்செற் போடட்டும்.

3. மெத்தையில் வைத்து விளையாடுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான லப்டொப்புக்கள் அடியால் காற்றை இழுத்துப் பின்னால் விடுகின்றன. மெத்தையில் வைப்பது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போல. மேசையில் வைத்து, பின்பக்கம் ஒரு புத்தகத்தையோ இரண்டு போத்தல் மூடியையோ வைத்து ஒரு இஞ்சி உயர்த்துங்கள். 30 பவுண் குளிர்த்தட்டு செய்கிற வேலையில் பெரும்பகுதியை அந்த மூடிகள் செய்துவிடும்.

4. தூசி. இதைப் பற்றி ஒரு சின்னக் கதை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகனின் லப்டொப் விளையாடத் தொடங்கிப் பத்து நிமிசத்தில் நின்றுவிடும். ஒரு கடையில் கொடுத்தார்கள். மதர்போட் போய்விட்டது, மாற்றுகிற காசுக்குப் புதிது வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதிதும் அங்கேயே இருந்ததாம், தவணைக்கும் தருவார்களாம். எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அடி மூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை. விரலால் உரித்து எடுக்கலாம். எடுத்தோம். அந்த லப்டொப் இன்றைக்கும் ஓடுகிறது. மதர்போட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இப்படி எத்தனை தாய் தகப்பன் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வருடத்துக்கு ஒரு தடவை, லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, காற்று அடைத்த பேணியால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பழுதாகும்.

5. ரேம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். 16 ஜிபி என்றால் 16 இல் ஒரு துண்டாகவும் இருக்கலாம், 8 இல் இரண்டாகவும் இருக்கலாம். இரண்டாக இருந்தால் புரொசசருக்கும் நினைவகத்துக்கும் இடையில் பாதை இரண்டு. ஒரு துண்டைப் போட்டு விற்பது கொம்பனிக்கு மலிவு. கேமில் அது நன்றாகவே தெரியும், முக்கியமாகத் திடீர் திடீரென்று திக்குவதில். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியில் எத்தனை இடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும்.

6. திரைக்குப் போகிற பாதை. பல லப்டொப்புக்களில் பெரிய கிராபிக்ஸ் சிப் வரைந்த படம் நேரே திரைக்குப் போவதில்லை. புரொசசருக்குள் இருக்கிற சின்ன கிராபிக்ஸ் சிப் வழியாகச் சுற்றித்தான் போகும். பற்றியை மிச்சம் பிடிக்கிறதற்கான ஏற்பாடு அது. மக்ஸ் சுவிச் என்கிற ஆளி இருக்கிற லப்டொப் என்றால் கொம்பனியின் மென்பொருளில் நேர்ப் பாதைக்கு மாற்றலாம். விளையாடும்போது மாற்றுங்கள், பிறகு திருப்பி விடுங்கள்.

7. படத்தின் எண்ணிக்கைக்கு எல்லை போடுங்கள். 165 தரம் புதுப்பிக்கிற திரை என்பதற்காகக் கதை சொல்கிற கேமையும் 165 இல் ஓட்ட வேண்டியதில்லை. 60 இலோ 90 இலோ கட்டினால் சூடும் சத்தமும் விழும், வேகம் ஒரே சீராக நிற்கும். அல்ட்ரா என்கிற அமைப்பை ஹை என்று இறக்கினால் பல கேம்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சிப்புக்குத் தெரியும். 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள லப்டொப்பில் முதலில் இறக்கவேண்டியது டெக்ஸ்சர் அமைப்பு. நினைவகம் நிரம்பி வழிந்தால் எந்த வாட்டும் உதவாது.

8. வோல்ற்றேஜைக் குறைப்பது. கொஞ்சம் தெரிந்த பொடியளுக்கு இது. சிப் தின்கிற வலு, வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு கூடும். பத்து வீதம் வோல்ற்றேஜைக் குறைத்து அதே வேகத்தில் ஓட்ட முடிந்தால் அந்த வலு ஏறத்தாழ 19 வீதம் குறையும் (0.9 ஐ 0.9 ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.81). லப்டொப்பில் சூடுதான் எல்லை என்பதால், மிஞ்சிய வலுவைச் சிப் வேகமாக மாற்றிக்கொள்ளும். கிராபிக்ஸ் சிப்புக்கு எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் என்கிற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், கேம் விழுந்தால் ஒரு படி கூட்டுங்கள்.

இன்டெல் புரொசசர்களில் இதைச் செய்யப் போனால் பல லப்டொப்புக்களில் பூட்டியிருக்கும். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ற் என்று ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. பேர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. வோல்ற்றேஜைக் குழப்பி, புரொசசருக்குள் இருக்கிற எஸ்ஜிஎக்ஸ் என்கிற இரகசியப் பெட்டகத்தை ஏமாற்றலாம் என்று காட்டினார்கள். அதை மூடுவது சரிதான். ஆனால் அந்தப் பெட்டகத்தை ஒருநாளும் தொடாத வீட்டுப் பாவனையாளனின் கையிலிருந்தும் சாவியைப் பறித்துவிட்டார்கள். "பூட்டவா, திறந்து வைக்கவா" என்று சொந்தக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

9. கடைசியாகச் சிப்புக்கும் செப்புக்கும் இடையில் பூசுகிற பசை. சில வருடத்தில் காய்ந்துபோகும். மாற்றினால் பழைய லப்டொப்புக்குத் திரும்ப உயிர் வரும். கை பழகியவரிடம் கொடுங்கள். திரவ உலோகம் பூசினால் நல்லது என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது காலியம் கலந்தது. அலுமினியத்தில் பட்டால் அரிக்கும், மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி வழிந்தால் உண்மையாகவே மதர்போட் போய்விடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

எங்கள் சனத்துக்கு இங்கே வந்து எத்தனை வருடமானாலும் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கக் கூச்சம். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று கொண்டுவந்துவிடுவார்கள். ஏன் இருக்கட்டும்? எட்டு இரவு வேலை செய்தது நீங்கள்தானே.

இங்கிலாந்தில் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். இணையத்தில் என்றாலும் கடையில் என்றாலும், சொன்னபடி பொருள் இல்லையென்றால் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்கலாம். அதற்குப் பிறகும் உரிமை முடிவதில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடை. "கொம்பனியோடை கதையுங்கோ" என்று கடைக்காரன் சொன்னால், பொறுப்பு விற்றவனுடையது என்று சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறவர்களுக்குப் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு. அமெரிக்காவில் இருக்கிறவர்கள், "ஸ்ரிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும்" என்கிற வசனத்துக்குப் பயப்பட வேண்டாம். அப்படி ஒட்டுகிற கொம்பனிகளை அந்நாட்டின் வர்த்தக ஆணையம் 2018 இலும் 2024 இலும் எச்சரித்திருக்கிறது.

ஆகவே லப்டொப் வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் சிஸ்டம் இன்பர்மேசன் என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே அதிகபட்ச கிராபிக்ஸ் வலு எத்தனை வாட் என்று காட்டும். கொம்பனியின் பக்கத்தில் போட்டதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். நாள் கடக்க முதல் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. விலை அட்டையில், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், சிப்பின் பெயரோடு அதன் வாட்டையும் போடு என்பதுதான். மின்குமிழ் விற்கிறவன் போடுகிறான். கேத்தில் விற்கிறவன் போடுகிறான். குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன் வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று நிறம் நிறமாகச் சீட்டு ஒட்டுகிறான். இதையெல்லாம் அவர்கள் விரும்பிச் செய்யவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் சட்டமாக்கினார்கள். கேமிங் லப்டொப்புக்கு மட்டும் கேட்க ஆளில்லை. வாங்குகிறவன் பொடியன், காசு கொடுக்கிறவர்கள் இலக்கம் விளங்காத தாய் தகப்பன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் போடும்வரை நாங்கள் கேட்போம். கடைக்குப் போகும்போது ஒரு துண்டில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். இந்தச் சிப்புக்கு எத்தனை வாட்? ரேம் ஒரு துண்டா, இரண்டா? அடி மூடியைக் கழற்றி நானே தூசி தட்டலாமா? ஆங்கிலம் தடக்கினால் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், அவனுக்கும் அது ஒரு பாடம். கடைக்காரனுக்குப் பதில் தெரியாவிட்டால் கோபப்பட வேண்டாம். பாவம், அவனும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு நிற்கிறவன். நன்றி சொல்லிவிட்டு, காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.